ஹெச்.பி. இருக்கு சரி, பிடிமானம் எங்கே?

மயிலாப்பூர்க்காரரிடம் டிராக்டர் பற்றிப் பேச்செடுத்தால், "அதெல்லாம் தஞ்சாவூர் சமாச்சாரம்" என்று காபியை ஆற்ற ஆரம்பித்துவிடுவார். தி.நகர்க்காரருக்குத் தெருவுக்குள் நுழையும் டிராக்டர் டேங்கர் ஞாபகம் வரலாம். அடையாறுக்காரர் கொஞ்சம் பரவாயில்லை. எலியட்ஸ் கடற்கரையில் மணல் சலிக்கும் இயந்திரத்தை இழுத்துக்கொண்டு போகும் டிராக்டரைக் காலை நடையில் பார்த்திருப்பார். அத்தோடு சரி.

ஆனால் பாருங்கள், டிராக்டர் விஷயத்தில் பெரிய முடிவெடுக்கும் மூன்று முகவரிகள் இந்த ஊரில்தான் இருக்கின்றன. வேளாண்மைப் பொறியியல் துறையின் தலைமை அலுவலகம் நந்தனத்தில், அண்ணா சாலை மேலேயே. 1960ல் தொடங்கிய டாஃபே கம்பெனியின் தலைமையகம் நுங்கம்பாக்கத்தில். 1946ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்துப் பிறகு டயருக்கு வந்த எம்.ஆர்.எஃப்.பின் தலைமையகம் கிரீம்ஸ் சாலையில். துறை, டிராக்டர், டயர். மூன்றும் சில கிலோமீட்டருக்குள். (சென்னைவாசிக்கு எம்.ஆர்.எஃப். என்றால் சச்சின் மட்டையும் வேகப்பந்துப் பயிற்சி மையமும்தான். டிராக்டர் டயர் அடிக்கிறார்கள் என்று சொன்னால் ஆச்சரியப்படுவார்.)

விளம்பரத்தையோ ஷோரூம் பேச்சையோ கவனித்தால் காதில் விழும் ஒரே எண், ஹெச்.பி. முப்பத்தைந்து, நாற்பத்தைந்து, ஐம்பது. அரசு மானியத்தின் கணக்கும் எத்தனை டிராக்டர், எத்தனை ஹெச்.பி. என்றே ஓடுகிறது. அந்த ஹெச்.பி.யில் எவ்வளவு மண்ணுக்குப் போய்ச் சேர்கிறது? இதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. சொன்னால், காற்றும் எடையும் பற்றிப் பேச வேண்டியிருக்கும். அதில் விற்பதற்கு ஒன்றும் இல்லை!

தேர் இழுக்கத் தெரிந்தால் டிராக்டர் புரியும்

கபாலீசுவரர் கோயில் பங்குனித் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடிப்பவர்கள் எவ்வளவு பலசாலிகள் என்பது முதல் விஷயம்தான். அவர்கள் கால் தரையில் நிற்கிறதா என்பது அடுத்த விஷயம். மாடவீதியில் எண்ணெயைக் கொட்டிவிட்டு நூறு பயில்வான்களை வடம் பிடிக்கச் சொன்னால் தேர் நகராது, பயில்வான்கள் தான் வழுக்குவார்கள். பலம் உடம்பில் இருக்கிறது. ஆனால் தேர் நகர்வது கால் தரையைப் பிடிக்கும் பிடியால்.

டிராக்டரும் அப்படித்தான். என்ஜின் பயில்வான், டயர் கால். பின் டயர் பத்துச் சுற்று சுற்றியும் டிராக்டர் எட்டுச் சுற்றுக்கான தூரம் மட்டும் போனால், மீதி இரண்டு சுற்று மண்ணைச் சுரண்டியதில் போயிற்று. இதற்குப் பெயர் வழுக்கல், ஸ்லிப். இந்த உதாரணத்தில் 20 சதவீதம்.

பண்ணை இயந்திரப் பொறியாளர்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். 0.86 விதி என்பார்கள். என்ஜினில் 50 ஹெச்.பி. இருந்தால் பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டில் கிடைப்பது சுமார் 43. கான்கிரீட் தரையில் இழுக்கக் கிடைப்பது 37. கெட்டியான நிலத்தில் உச்சபட்சம் 32, நாள் முழுக்க நம்பி வேலை வாங்க 27. உழுத மண்ணில் 23, 24. இளகிய மண்ணில் 20. ஒவ்வொரு படியிலும் 0.86ஆல் பெருக்கிக்கொண்டே வந்தால் போதும். இது தோராயம்தான், ஆனால் திசை சரி. ஐம்பதுக்குப் பணம் கட்டியவர் இளகிய மண்ணில் இருபதை வைத்துக்கொண்டு உழுகிறார்.

இந்த இழப்பு முழுவதையும் தவிர்க்க முடியாது. ஒரு பகுதியைத் தவிர்க்கலாம். அதற்குத் தேவை இரண்டே விஷயம்: டயரில் சரியான காற்று, சக்கரத்தின் மேல் சரியான எடை.

காற்று என்ன பாவம் செய்தது?

அடையாறு பங்கில் பெட்ரோல் போடும் கல்லூரி மாணவன் கூட "அண்ணே, பின்னாடி காத்து செக் பண்ணுங்க" என்று சொல்கிறான். ஐம்பதாயிரம், அறுபதாயிரம் ரூபாய் வண்டிக்கு அவ்வளவு அக்கறை. பல லட்ச ரூபாய் டிராக்டருக்குக் காற்றுப் பார்ப்பது எப்படி? காலால் ஒரு உதை!

டிராக்டரின் பின் டயருக்கு வயலில் வேண்டிய அழுத்தம், டயர் அளவையும் சுமையையும் பொறுத்து, பொதுவாக 12 முதல் 16 பி.எஸ்.ஐ. வாக்கில்தான். பைக் டயரை விடக் குறைவு. காரணம் எளிது. காற்றுக் குறைவாக இருந்தால் டயர் அகலமாக அமர்ந்து அதிக மண்ணைத் தொடும். எலியட்ஸ் கடற்கரையில் ஹைஹீல்ஸ் போட்டு நடப்பவர் புதைவதும் ரப்பர் செருப்புக்காரர் நடந்து போய்விடுவதும் இதே கதைதான். டயர் மண்ணை அழுத்தும் அழுத்தம், டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்துக்குக் கிட்டத்தட்ட ஒட்டியே இருக்கும்.

வரலாறும் இதையே சொல்கிறது. 1932 வரை டிராக்டருக்கு இரும்புச் சக்கரம்தான். அந்த ஆண்டு அமெரிக்காவில் அலிஸ் சால்மர்ஸ் கம்பெனியும் ஃபயர்ஸ்டோனும் சேர்ந்து காற்றடைத்த ரப்பர் டயரை டிராக்டருக்கு மாட்டியபோது, ரப்பர் மண்ணைப் பிடிக்குமா என்று விவசாயிகள் சந்தேகப்பட்டார்கள். பிடித்தது. குறைந்த அழுத்தம்தான் அதன் ரகசியம். அந்த ரகசியம் வெளியாகித் தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

நம் ஊரில் சிக்கல் வேறு. ஒரே டிராக்டர் காலையில் வயல், மத்தியானம் டிரெய்லரில் செங்கல், சாயங்காலம் மணல். ரோட்டில் சுமை இழுக்கக் கூடுதல் காற்று வேண்டும். அதை ஏற்றியவர் வயலில் இறங்கும்போது இறக்குவதில்லை. கல் மாதிரி இருக்கும் டயர் மண்ணைத் தொடுவது நடுப்பட்டையில் மட்டும். அது சுரண்டும், தேயும், டீசல் குடிக்கும். அதற்காகக் காற்றை இஷ்டத்துக்கு இறக்கினாலும் ஆபத்து. டயரின் பக்கச் சுவர் மடங்கி வெடிக்கும். ஆகவே கணக்கு வேண்டும். கணக்குக்கு மீட்டர் வேண்டும். அந்த மீட்டர் சில நூறு ரூபாய்.

டிராக்டரும் தண்ணி அடிக்கும்

அடுத்தது எடை. பின் சக்கரத்தில் இரும்புத் தட்டு மாட்டலாம். அல்லது டயர் டியூபுக்குள் தண்ணீர் ஏற்றலாம். கிராமத்தில் இதற்கு "தண்ணி அடிக்கிறது" என்றே பெயர், சிரிக்காதீர்கள். வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, அந்த மட்டம் வரை தண்ணீர் ஏற்றினால் முக்கால் பங்கு நிரம்பும். மீதிக் கால் பங்கில் காற்று. குளிர் நாடுகளில் தண்ணீர் உறையாமல் இருக்க கால்சியம் குளோரைடு உப்புக் கலப்பார்கள். தமிழ்நாட்டுக்கு அது தேவையில்லை, வெறும் தண்ணீர் போதும்.

ஆனால் எப்போது அடிக்க வேண்டும், எப்போது கூடாது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

புஞ்சை நிலத்தில் சட்டிக் கலப்பை, கொத்துக் கலப்பை என்று முரட்டு இழுவை இருந்தால் பின் சக்கரத்தில் எடை வேண்டும். இல்லையென்றால் டயர் நின்ற இடத்தில் சுற்றும்.

ரோட்டவேட்டர் ஓட்டினால் எடை அதிகம் தேவையில்லை. அதன் கத்திகள் சுழலும் திசையே டிராக்டரை முன்னால் தள்ளிவிடும். சக்தி பி.டி.ஓ. தண்டு வழியாகப் போகிறது, டயர் வழியாக இல்லை.

நஞ்சையில் சேறடிக்கும்போது கூடுதல் எடை எதிரி. கேஜ் வீலை மாட்டு, வெயிட்டைக் கழற்று என்பதுதான் அங்கே பாடம். கழற்றாவிட்டால் டிராக்டர் இறங்கும், பிறகு அதை இழுக்க இன்னொரு டிராக்டர் வரும். (அதே கேஜ் வீலோடு தார் ரோட்டில் ஏறி ரோட்டைக் கிழிப்பது தனிக் கதை.)

ஆக, ஒரு வருஷத்தில் மூன்று வேலைக்கு மூன்று எடை. வாங்கிய அன்று மாட்டிய வெயிட் டிராக்டர் பழசாகும் வரை அப்படியே இருந்தால், வருஷத்தில் பாதி நாள் அது தப்பான எடை.

முன் பக்கத்தையும் மறக்கக் கூடாது. பின் சக்கரம் மட்டும் ஓடும் டிராக்டரில் வேலையின்போது மொத்த எடையில் 25 முதல் 35 சதவீதம் முன் அச்சில் நிற்க வேண்டும் என்பது பொது விதி. அது குறைந்தால் ஸ்டியரிங் திருப்பினாலும் வண்டி திரும்பாது. டிரெய்லரை உயரமான இடத்தில் கொக்கி போட்டு இழுத்தால் முன் சக்கரம் எழும்பி, டிராக்டர் பின்பக்கமாக டிரைவர் மேலேயே கவிழும். இது மைலேஜ் பிரச்னை இல்லை, உயிர்ப் பிரச்னை.

அப்படியானால் எவ்வளவு எடை போதும்? இதற்கு லேப் வேண்டாம், சுண்ணாம்புக் கட்டி போதும். பின் டயரில் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிக்கொண்டு பத்துச் சுற்று ஓட்டி தூரத்தை அளங்கள். 40 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கலப்பையை இறக்கி உழுதபடி மறுபடி பத்துச் சுற்று. 35 மீட்டர் வந்தால் வழுக்கல் 12.5 சதவீதம். 28 மீட்டர் வந்தால் 30 சதவீதம். கெட்டி நிலத்தில் 8 முதல் 10, உழுத நிலத்தில் 11 முதல் 13, மணலில் 14 முதல் 16 சதவீதம் வரை சரி என்பது பொறியியல் கணக்கு. வழுக்கலே இல்லை என்று மகிழவும் வேண்டாம். அப்படியென்றால் தேவைக்கு மேல் எடை சுமக்கிறது என்று அர்த்தம். அந்த எடையை நகர்த்தவே டீசல் போகும், கியரும் அச்சும் அடி வாங்கும்.

அதுவும் முடியாதென்றால் டயர் போன தடத்தைக் குனிந்து பாருங்கள். கட்டைகளின் அச்சு அச்சுவெல்லம் மாதிரி துல்லியமாக இருந்தால் எடை கூடுதல். மொத்தமாகக் கலைந்திருந்தால் எடை குறைவு. ஓரம் தெளிவாக, நடுவில் கொஞ்சம் கலைந்திருந்தால் சரி.

நஷ்டம் யார் கணக்கில்?

காமர்ஸ் படிப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இவ்வளவு எளிய விஷயம் ஏன் நடப்பதில்லை?

சிறு விவசாயிகளில் பெரும்பாலானோருக்குச் சொந்த டிராக்டர் கிடையாது. வாடகைதான். வாடகை பல இடங்களில் மணிக்கணக்கு. 12 சதவீத வழுக்கலில் ஒரு மணி நேரத்தில் முடியும் ஒரு ஏக்கர், 30 சதவீத வழுக்கலில் எவ்வளவு நேரம் எடுக்கும்? 0.88ஐ 0.70ஆல் வகுங்கள். சுமார் 75 நிமிடம். வாடகை மணிக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏக்கருக்கு 250 ரூபாய் தண்டம். ஐந்து ஏக்கர், இரண்டு உழவு என்றால் 2,500 ரூபாய். எதற்கு? டயர் சும்மா சுற்றியதற்கு!

டிராக்டர்காரருக்கு டீசல் நஷ்டம் உண்டுதான். ஆனால் மணி ஏறினால் வாடகையும் ஏறுகிறது, பாதி நஷ்டம் அங்கே நேராகிவிடும். டயரைச் சரிசெய்ய வேண்டியவர் ஒருவர், சரிசெய்யாததற்குப் பணம் கட்டுபவர் இன்னொருவர். இப்படி அமைந்த எந்த வியாபாரத்திலும் கவனக்குறைவு தானாக வளரும். யாரும் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அரசும் வாடகைக்கு விடுகிறது. உழவன் செயலி வழியாக, இ-வாடகை என்ற பெயரில், வேளாண்மைப் பொறியியல் துறையின் டிராக்டரை மணிக்கணக்கில் பதிவு செய்யலாம். நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. அதனால்தான் கேட்க வேண்டியிருக்கிறது. மீட்டர் போட்ட ஆட்டோவுக்கு மீட்டர் சரியா என்று சோதிக்கிறோம். மணிக்கணக்கில் ஓடும் அரசு டிராக்டருக்கு வழுக்கல் என்ன என்று ரசீதில் ஒரு வரி ஏன் கூடாது?

வரி என்றதும் இன்னொன்று. செப்டம்பர் 22, 2025 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 சதவீதமாகவும், டிராக்டர் டயர், டியூபுக்கு 18லிருந்து 5 சதவீதமாகவும் குறைந்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், அதற்கு முன்பு டிராக்டரை விட டயருக்கு வரி அதிகம்! தேய்ந்த டயரோடு இன்னொரு சீசன் ஓட்டுவதுதான் லாபம் என்று அரசே சொல்லிக்கொடுத்த மாதிரி.

மண் மறக்காது

பணம் போனால் அடுத்த போகத்தில் வரலாம். மண்ணுக்குள் நடப்பது அப்படி அல்ல. மேல் மண் இறுகுவது பெரும்பாலும் டயரின் அழுத்தத்தால். ஆழத்தில் இறுகுவது அச்சின் மேல் ஏறும் மொத்த எடையால். அதாவது, தேவையில்லாத வெயிட்டை மாட்டிக்கொண்டு எவ்வளவு அகலமான டயர் போட்டாலும் அடி மண் தப்பாது.

நெல்லுக்கு அடியில் கொஞ்சம் இறுகல் நல்லதுதான், தண்ணீர் நிற்கும். ஆனால் சம்பா முடிந்து டெல்டாவில் உளுந்து விதைக்கிறார்களே, அதன் வேருக்கு அந்த இறுகல் சுவர். இறுகிய அடிமண்ணை உடைக்க மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உளிக்கலப்பையால் உழச் சொல்கிறது கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம். சரியான அறிவுரை. ஆனால் ஒரு கையால் பணம் கொடுத்து மண்ணை இறுக்கி, மறு கையால் பணம் கொடுத்து உடைப்பதற்கு எந்தக் கணக்குப் புத்தகத்தில் இடம் இருக்கிறது?

"விவசாயிக்குத் தெரியாததா?"

இப்படி ஒரு வாதம் எப்போதும் வரும். கேட்க மரியாதையாக இருக்கும், உள்ளே சோம்பேறித்தனம். மண் விவசாயிக்குத் தெரியும். பி.எஸ்.ஐ. எண், எடைப் பங்கீடு எல்லாம் கம்பெனிக் கையேட்டில் இருக்கிறது. அந்தக் கையேடு டெலிவரி அன்று மாலையோடும் சந்தனத்தோடும் பெட்டிக்குள் போனால் திரும்ப வருவதில்லை. அதை வெளியே எடுத்துச் சொல்வது விற்பவர் வேலை.

"வெயிட்டைக் கழற்றி மாட்ட ஆள் வேண்டும், நேரம் வேண்டும்." உண்மை. ஆனால் சீசனுக்கு ஒருமுறை அரை நாள். மேலே போட்ட கணக்கோடு ஒப்பிட்டால் அது கூலியே இல்லை.

"தண்ணீர் ஏற்றினால் ரிம் துருப்பிடிக்கும்." டியூப் உள்ள டயரில் தண்ணீர் டியூபுக்குள் இருக்கிறது. வால்வு கசியாமல் பார்த்துக்கொண்டால் ரிம்முக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"பேசாமல் பெரிய டிராக்டர் வாங்கிவிட்டால்?" இதைத்தான் கம்பெனிகள் கேட்க ஆசைப்படுகின்றன! இதற்கான பதிலை வட அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் எப்போதோ சொல்லிவிட்டார். கனமான டிராக்டர்தான் நன்றாக இழுக்கும் என்று எல்லோரும் நம்பிய காலத்தில், கலப்பையை மூன்று புள்ளிகளில் ஹைட்ராலிக்கோடு இணைத்து, கலப்பையின் சுமையையே பின் சக்கரத்தின் பிடிமானமாக மாற்றினார். 1936ல் ஃபெர்குசன் பிரவுன், 1939ல் ஃபோர்டோடு சேர்ந்து செய்த டிராக்டர், இரண்டும் அந்த இணைப்போடு வந்தன. இன்று எல்லாக் கம்பெனி டிராக்டரின் பின்னாலும் அந்த மூன்று புள்ளிகள் உண்டு. டாஃபே ஆரம்பத்திலிருந்து செய்துவரும் மாஸி ஃபெர்குசனில் அவர் பெயரே ஒட்டியிருக்கிறது. எடையைக் கூட்டாமல் பிடிமானத்தைக் கூட்டியவர் பெயரை பானெட்டில் ஒட்டிக்கொண்டு ஹெச்.பி.யை மட்டும் விற்பது என்ன நியாயம்?

என்ன செய்ய வேண்டும்?

பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். நாலே விஷயம்.

1. மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் மத்திய அரசின் டிராக்டர் சோதனை நிலையம் இருக்கிறது. கூடுதல் எடையோடும் எடையில்லாமலும் ஒரு டிராக்டர் எவ்வளவு இழுக்கிறது, எவ்வளவு வழுக்குகிறது என்று சோதித்து அறிக்கை போடுகிறார்கள். அந்த எண்களை ஷோரூமில் ஹெச்.பி.க்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் போடட்டும்.

2. மானியத்தில் போகும் ஒவ்வொரு டிராக்டரோடும் ஒரு காற்று மீட்டர், தமிழில் ஒரு அட்டை. எந்தக் கலப்பைக்கு எவ்வளவு காற்று, எவ்வளவு எடை என்று. அட்டையை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும், பெட்டிக்குள் வைக்கக் கூடாது.

3. நந்தனத்தில் இருக்கும் துறை தன் வாடகை டிராக்டர்களில் சீசன் தொடக்கத்தில் ஒருமுறை சுண்ணாம்புக் கோடு சோதனை செய்து, வழுக்கல் சதவீதத்தை ரசீதில் எழுதட்டும். அரசு எழுதினால் தனியாரிடமும் விவசாயி கேட்பார். கேட்க ஆரம்பித்தால் சந்தை தானாகத் திருந்தும்.

4. மணிக்கணக்கு வாடகையோடு ஏக்கர் கணக்கு வாடகையும் விருப்பத் தேர்வாக வரட்டும். வழுக்கலின் நஷ்டம் டிராக்டர்காரர் தலையில் விழும் நாளில் டயருக்குக் காற்றுப் பார்க்க யாரும் வகுப்பு எடுக்க வேண்டியிருக்காது.

இந்தியாவில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் டிராக்டர்கள் விற்கின்றன. எண்ணிக்கையில் உலகத்திலேயே முதலிடம் என்று பெருமைப்பட்டுக்கொள்கிறோம். ஒவ்வொன்றிலும் டயர் நின்ற இடத்தில் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் யாரோ ஒருவர் காசு கொடுக்கிறார். பெரும்பாலும் அவர் டிராக்டர் இல்லாத, இரண்டு ஏக்கர் குத்தகைக்காரர். அவர் சுமையைக் குறைக்க எந்த ஆராய்ச்சியும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மீட்டர் இருக்கிறது, சுண்ணாம்புக் கட்டி இருக்கிறது, கணக்கு இருக்கிறது. இல்லாதது, ஹெச்.பி.யைத் தவிர வேறு எதையும் பேச வேண்டும் என்ற எண்ணம்தான்.